குறோட்டன் புறோக்கரும் எங்கள் இருட்டு ஹோலும்

மனிசருக்குச் சாதகம் பார்த்துக் கலியாணம் பேசினவர்கள் யாழ்ப்பாணத்திலே ஊருக்குப் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு பூச்சாடிக்கும் ஒரு வீட்டுக்கும் பொருத்தம் பார்த்து, நாள் வைத்து, சீதனத்தோடு அனுப்பி, நாலாம் சடங்குக்கும் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கொக்குவில் ஒழுங்கையில், அந்த ஒடுக்கமான தெருவில்தான் இருந்தார். இல்லையென்று சொல்லுகிறவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம். இருபத்தெட்டு வருசம் வகுப்பறையிலே கத்தின தொண்டை இது, இன்னும் நல்லாய்த்தான் இருக்கிறது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. 'குறோட்டன் புறோக்கர், கொக்குவில்' என்று எழுதினால் கடிதம் போய்ச் சேரும். அவருடைய மனைவி எங்களுக்குக் குறோட்டனக்கா. அந்த மனிசியும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தா.

முந்தி அவர் உண்மையான கலியாணப் புறோக்கர். எண்பத்து மூன்றுக்குப் பிறகு மாப்பிள்ளைமார் ஒவ்வொருவராகப் பிளேன் ஏறினார்கள். பெண்ணைப் படத்தில் பார்த்து, ரெலிபோனில் கதைத்து, தாங்களே முடித்துக்கொண்டார்கள். நடுவிலே ஒரு புறோக்கர் எதற்கு? "மாப்பிள்ளைமார் ஓடிப்போட்டினம் பிள்ளை. செடி எங்கை ஓடப்போகுது? அதாலை தொழிலை மாத்தினன்" என்று எனக்குச் சொன்னார். இந்தத் தொழிலுக்குக் கூலி கிடையாது. ஒரு தேத்தண்ணி, ஒரு துண்டு பனங்கட்டி, கொஞ்ச நேரம் கதை, அவ்வளவுதான்.

நாங்கள் அந்த ஒழுங்கைக்குக் குடிவந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கரண்ட் இல்லாத காலம். எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் உயர்ந்த மதில். மற்றப் பக்கம் ஒரு பலாவும் இரண்டு மாவும். முன் யன்னலுக்கு முன்னால், குண்டு விழுந்தால் பதுங்குகிற பங்கர். அதற்கு மேல் மண்மூட்டை. மிச்சமிருந்த வெளிச்சம் எங்கள் ஹோலுக்குள் வரக் கூச்சப்பட்டது. ஒருநாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நான் என்ரை சொந்தக் கதிரையில் இடறி விழுந்தேன். சத்தத்தைக் கேட்டு இவர், அதாவது என் கணவர், "ஆரது?" என்று கேட்டார். அந்த வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டே இரண்டு பேர்.

அந்த நாளையில் முற்றத்து ரோசாவுக்குத் தண்ணி விடுவதென்றாலும் ஒரு கண் ரோசாவில், ஒரு கண் வானத்தில். எதுவும் பறந்து வருகிறதோ என்று பார்த்துப் பார்த்து ரோசாவை ரசிக்கிற ஆசையே விட்டுப்போகும். அதனால் எங்கள் ஒழுங்கைச் சனம் பச்சையை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து வைக்கத் தொடங்கியது. எனக்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தால் குகைக்குள் போவது போல இருக்கும். அந்த ஹோலிலே ஒரு உயிர் இருந்து "வந்திட்டியோ?" என்று கேட்டால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். இவர் நல்ல மனிசன். ஆனால் கேட்பது "தேத்தண்ணி?" என்று மட்டும்தான்.

குறோட்டன் புறோக்கருக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாள் காலமை பத்து மணிக்கு வாசல் படலையில் சைக்கிள் மணி கேட்டது. வெள்ளை வேட்டி, கமக்கட்டில் குடை, கையிலே பொலித்தீன் உறைக்குள் மடித்த ஒரு பேப்பர். சைக்கிளை ஓடி வரவில்லை, உருட்டிக்கொண்டுதான் வந்தார். அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

"அண்ணை, எனக்கு ஒரு குறோட்டன் வேணும். சிவப்பும் மஞ்சளும் கலந்தது."

அவர் செருப்பைக் கழற்றாமலே நின்றார். "குறோட்டனோ? பிள்ளை, குறோட்டன் வெளிச்சத்திலை நிண்டு ஆடுற சாதி. வீட்டுக்குள்ளை வைச்சால் சிவப்பும் போய் மஞ்சளும் போய் வெறும் பச்சையாய் நிண்டு அழும். நான் என்ரை சீவியத்திலை ஒரு குறோட்டனையும் வீட்டுக்குள்ளை குடுத்ததில்லை."

"அப்ப ஏன் உங்களைக் குறோட்டன் புறோக்கர் எண்டினம்?"

"சனத்துக்கு வேறை செடியின்ரை பேர் தெரியாது" என்று சொல்லி உள்ளே வந்தார்.

வந்தவர் பேப்பரை உறையிலிருந்து எடுத்தார். அதுதான் அவருடைய சாதகக் கட்டு. அந்தக் காலத்திலே பேப்பர் தட்டுப்பாட்டில் பத்திரிகைகள் கோடு போட்ட கொப்பித் தாளிலும் மட்டைத் தாளிலும் வந்துகொண்டிருந்தன. இது நல்ல காலத்து வெள்ளைத் தாள், ஒரேயொரு பக்கம். மேலே கொட்டை எழுத்தில் தலைப்பு, நடுவிலே செய்தி, அடியிலே பொடி எழுத்தில் 'மணமகன் தேவை' விளம்பரங்கள். பின் பக்கம் முழுக்க ஒரு சவர்க்கார விளம்பரம். செடி வைக்கப்போகிற மூலையில் நின்று பேப்பரைப் பிடிப்பார். தலைப்பு மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் மருள். வளவு மூலையிலே யாரும் தண்ணி விடாமலே வாள் வாளாய் நிற்குமே, அந்தச் செடி. செய்தியும் தெரிந்தால் மணிபிளான்ட். பொடி எழுத்தும் தெரிந்தால் பிகோனியா. ஒழுங்கை முழுக்க இந்தச் சட்டம்தான்.

எங்கள் ஹோல் மூலையில் நின்று, பேப்பரை விரித்து, ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்தார்: "'நல்லொழுக்கமுள்ள, சங்கீதம் தெரிந்த, முப்பத்திரண்டு வயது மணமகளுக்கு, உத்தியோகம் பார்க்கும் மணமகன் தேவை. சாதகக் குறிப்புடன் எழுதவும்.' ஆகா! நல்ல வெளிச்சமான வீடு பிள்ளை. பிகோனியா வைக்கலாம்."

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு அவர் கையில் பேப்பர் இருக்கிறது என்பதே மங்கலாய்த்தான் தெரிந்தது. ஆனால் நாங்கள் புதிதாய் வந்த ஆட்கள், அவர் ஒழுங்கையிலே மூத்தவர். என் கண்ணிலேதான் பிழை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்ட அபூர்வமான நேரங்களில் அது ஒன்று. அதிலேயும் பிழைதான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் பிகோனியா வந்தது. சீதனமாக ஒரு பை மண், தண்ணி விட ஒரு சிரட்டை, இலை துடைக்க ஒரு பழைய வேட்டித் துண்டு. மாப்பிள்ளை வீட்டாருக்குப் புத்தி சொல்லுகிற மாதிரி என்னை இருத்தி வைத்துச் சொன்னார்.

"பத்து நாளைக்கு ஒருக்கால் ஒரு சிரட்டை தண்ணி. அதுவும் விரலை ரெண்டாம் மூட்டு மட்டும் மண்ணுக்குள்ளை விட்டுப் பாத்து, காய்ஞ்சிருந்தால் மட்டும். எங்கடை சனம் செடியைப் பட்டினியிலை கொல்லுறேல்லை பிள்ளை, பாசத்திலை தாட்டுக் கொல்லுறவை. வெளிச்சம் குறைஞ்ச இடத்திலை இருக்கிறது கனக்கக் குடிக்காது. விளங்குதோ?"

"ஓம் அண்ணை."

"வெள்ளிக்கு வெள்ளி கால்வாசி திருப்பி விடுங்கோ. இல்லாட்டி யன்னலை எட்டிப் பாத்துப் பாத்துக் கழுத்துச் சுளுக்கிப் போகும். இலையைத் துடையுங்கோ, தூசி படிஞ்சால் கிடைக்கிற வெளிச்சமும் உள்ளை போகாது. எதிர்ச் சுவரிலை ஒரு கண்ணாடி மாட்டுங்கோ."

வீட்டிலே இருந்தது ஒரே ஒரு கண்ணாடி, இவருடைய சவரக் கண்ணாடி. அது போய் ஹோலில் ஏறியது. அன்றிலிருந்து இவர் பிகோனியாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் சவரம் செய்தார், முகத்தில் பாதி இலையாகத் தெரிந்தது.

போகும்போது புறோக்கர் படலையில் நின்று மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "நான் கட்டிக்குடுத்த செடி ஒண்டும் இண்டைவரைக்கும் செத்ததில்லை பிள்ளை. மனிசரைக் கட்டிக்குடுத்த காலத்திலை அப்பிடி நெஞ்சிலை கை வைச்சுச் சொல்லேலாது. இதிலை சொல்லுவன்." அந்த மனிசனுக்கு மிஞ்சியிருந்த பெருமை அது ஒன்றுதான் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மூன்றாம் கிழமை பிகோனியா செத்துப்போனது.

சொன்னபடிதான் செய்தேன். விரல் விட்டுப் பார்த்தேன், திருப்பினேன், துடைத்தேன். அது வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டி நீட்டி, வெளிறி, ஒவ்வொரு இலையாய்க் கழன்று போனது. சோதனையில் பெயிலான பிள்ளை மாதிரி, சாடியைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, பின்வேலியில் ஆள் குனிந்து போகிற பொட்டுக்குள்ளால் குறோட்டனக்காவிடம் ஓடினேன். அழுதும் விட்டேன்.

குறோட்டனக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. "பிகோனியாவோ, மணிபிளான்டோ?" என்று கேட்டா.

"பிகோனியா அக்கா."

கிணற்றடிக்குப் போய் ஒரு தென்னோலைக் கிடுகைத் தூக்கினா. கீழே வரிசையாய் ஒரு டசின் சாடி. அதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "அவருக்குச் சொல்லாதேங்கோ. ஒழுங்கை முழுக்க இப்பிடித்தான்" என்றா. திரும்பி வரும்போது அதே வேலிப் பொட்டில் முன்வீட்டு ரிட்டயரான போஸ்ற் மாஸ்டர் நின்றார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஆனால் குடை பிடித்திருந்தார். குடைக்குக் கீழே வயிற்றோடு அணைத்தபடி ஒரு சாடி. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பிகோனியா?" என்றார்.

"ஓம். உங்கடை?"

"மணிபிளான்ட். நாலாவது" என்று சொல்லிவிட்டுப் பொட்டுக்குள்ளே குனிந்தார்.

அடுத்த கிழமை புறோக்கர் சுகம் விசாரிக்க வந்தார். சாடியைத் தடவிப் பார்த்து, "பாத்தியளே, எவ்வளவு செழிப்பு!" என்று பூரித்தார். பிறகு, "எதுக்கும் வெளிச்சத்தை இன்னொருக்கால் பாப்பம்" என்று பேப்பரை விரித்து, "நல்லொழுக்கமுள்ள, சங்கீதம் தெரிந்த" என்று தொடங்கினார்.

நான் அவருக்கு நேர் எதிரே, இரண்டு அடி தள்ளி நின்றேன். அன்றைக்குக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. 'மணமகன் தேவை' என் பக்கம் இருந்தது. அவர் பக்கம் இருந்தது சவர்க்கார விளம்பரம். ஒரு பெண் முகம் கழுவிக்கொண்டிருக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு அவர், "முப்பத்திரண்டு வயது மணமகளுக்கு" என்று கணீரென்று வாசித்தார்.

அவர் போன கையோடு பின்வேலிக்குப் போனேன். இந்த முறை அழவில்லை. "அக்கா, அண்ணைக்குக் கண் தெரியாதோ?"

குறோட்டனக்கா சுளகைக் கீழே வைத்தா. "ரெண்டு கண்ணிலையும் வெள்ளை படர்ந்து ரெண்டு வருசமாகுது ரீச்சர். ஆளின்ரை நிழல் தெரியும். பகல் இரவு தெரியும். உந்தப் பேப்பர் முழுக்க அவருக்குப் பாடம்."

"டொக்டரிட்டைக் காட்டேல்லையோ?"

"கண் டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். படர்ந்ததை வெட்டி எடுத்தால் தெரியும் எண்டு சொன்னவர். இவர் ஏலாது எண்டிட்டார். 'என்ரை கண்ணுக்கு என்ன குறை? நான் குடுத்த செடி ஒண்டு செத்ததே?' எண்டு என்னைக் கேக்கிறார். நான் என்னத்தைச் சொல்ல? அந்த டொக்டரும் இன்னும் ஆறு மாசத்திலை கொழும்புக்குப் போறாராம். அதுக்குப் பிறகு இஞ்சை வெட்ட ஆளில்லை."

நாங்கள் ஒழுங்கை முழுக்கச் சேர்ந்து, நல்ல மனசோடு, வேலிப் பொட்டுக்குள்ளால் சாடி கடத்திக் கடத்தி அந்த மனிசனைக் குருடாக்கிக்கொண்டிருக்கிறோம். "அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன் அக்கா!" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதேங்கோ. கலியாணம் பேசுற வேலை இல்லாமல் போன அந்த வருசம் அவர் மூண்டு மாசம் கட்டிலாலை எழும்பேல்லை ரீச்சர். பச்சைத் தண்ணி பல்லிலை படேல்லை. முதல் செடி குடுத்த அண்டைக்குத்தான் சவரம் செய்தவர். இப்ப இதையும் பறிச்சால் நான் அவரை எழுப்பேலாது. நான் சொல்லமாட்டன். நீங்களும் சொல்லக்கூடாது."

இரண்டு மாதம் நானும் சொல்லவில்லை. சாடி மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். சாகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை, வாடத் தொடங்கினதுமே பின்வேலிக்கு ஓடிவிடுவேன். எட்டாவது பிகோனியாவும் வெளிறத் தொடங்கியது. கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது பேனை நின்றுவிடும். சொன்னால் மனிசன் விழுந்துபோவார். சொல்லாவிட்டால் டொக்டர் போய்விடுவார். பிள்ளைகளின் கணக்கிலே சரியானதையும் பிழை போட்டேன். எல்லாவற்றையும் இவரிடம் கொட்டினேன். இவர் பாதி சவரத்தோடு கண்ணாடியிலிருந்து திரும்பி, "அடுத்தது சாகட்டும். மாத்தாதை. அப்பிடியே வை" என்றார். அந்த வருசத்தில் இவர் பேசின ஆக நீளமான பேச்சு அதுதான்.

ஒன்பதாவது பிகோனியாவை மாற்றவில்லை. அது செத்து, காய்ந்து, மூலையிலே நின்றது.

புறோக்கர் வந்தார். செருப்பைக் கழற்றினார். பேப்பரை விரித்தார், வாசித்தார், மடித்தார். பிறகு கையை நீட்டிக்கொண்டு சாடிக்குப் போனார். காய்ந்த இலை அவர் விரலில் நொறுங்கின சத்தம் ஹோல் முழுக்கக் கேட்டது. அவர் கையை எடுக்கவில்லை. தண்டைத் தடவினார். விரலை இரண்டாம் மூட்டு மட்டும் மண்ணுக்குள்ளே விட்டார்.

"தண்ணி கூடேல்லை" என்றார் மெல்ல. "நீங்கள் வடிவாய்த்தான் பாத்திருக்கிறியள் பிள்ளை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை."

நான் கதிரையை அவர் பக்கம் இழுத்து விட்டேன்.

"இது எத்தினையாவது?"

"ஒன்பதாவது அண்ணை."

"ஒன்பதோ? நான் பத்து எண்டு நினைச்சன்."

"அண்ணை! உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் கதிரையைத் தடவி இருந்தார். "என்ரை வளவிலை எத்தினை சாடி நிக்குது எண்டு எனக்குத் தெரியாதே? விடிய எழும்பி ஒவ்வொண்டையும் தொட்டுப் பாக்கிறனான். கிழமைக்குக் கிழமை குறையுது. இவள் கிணத்தடியிலை கிடுகுக்குக் கீழை ஒளிச்சு வைக்கிறாளாம், ஒளிச்சு! அதுகளுக்குத் தண்ணி விட்டு வளத்ததே நான்தான்."

"பிறகு ஏன் அண்ணை பேசாமல் இருந்தனீங்கள்?"

அவர் பேப்பரை உறைக்குள்ளே வைத்தார். இரண்டு தரம் வைத்தார், சரியாகப் போகவில்லை. "தெரியும் எண்டு சொன்னால் நீங்கள் எல்லாரும், பாவம் மனிசன், இனி வேண்டாம் எண்டு விட்டிடுவியள். பிறகு நான் காலமை வேட்டியைக் கட்டிக்கொண்டு எங்கை போறது? சொல்லுங்கோ பாப்பம். ஆற்றை படலையைத் திறக்கிறது?"

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்தால் என் வாயிலிருந்து வருவது வகுப்பறைக் குரல்தான். "விசர்க் கதை கதையாதேங்கோ! வாற வியாழக்கிழமை கண் டொக்டரிட்டைப் போறம். நானும் வாறன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுறன்."

"வெட்டிப்போட்டும் தெரியாட்டி?"

"தெரியாட்டி என்ன? நான் பேப்பர் வாசிக்கிறன், நீங்கள் மண்ணைத் தொட்டுப் பாருங்கோ. ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து புறோக்கர் வேலை செய்வம். படலை நான் திறந்து விடுறன்."

அவர் எழும்பி வாசலில் செருப்பைத் தடவித் தேடினார். "வியாழக்கிழமை எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை இவருடைய சைக்கிள் கரியரில் புறோக்கர், பின்னால் என் சைக்கிளில் நான், கூடைக்குள்ளே ஒரு மணிபிளான்ட். டொக்டருடைய அறைக்குள் போனதும் முதல் வேலையாக, "ரீச்சர், வாசியுங்கோ" என்று பேப்பரை என்னிடம் தந்தார். டொக்டர் முழித்தார். நான் அந்த மூலையில் நின்று வாசித்தேன். "செய்தி தெரியுது அண்ணை. பொடி எழுத்துத் தெரியேல்லை." "நான் வாசத்திலையே நினைச்சன்" என்று சொல்லி மணிபிளான்டை டொக்டரின் மேசையில் வைத்தார். பிறகு டொக்டர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் காட்டி, "ஐயா, தெரியிறதை வாசியுங்கோ" என்றார். பழக்கதோசம்! எங்கடை ஆள் நிமிர்ந்து இருந்து, "நல்லொழுக்கமுள்ள, சங்கீதம் தெரிந்த" என்று தொடங்கிவிட்டார். டொக்டர் சிரித்து முடிய ஐந்து நிமிடம் சென்றது.

ஒரு கண்ணை வெட்டி, அது ஆறி, மற்றக் கண்ணையும் வெட்டினார். டொக்டர் போவதற்கு ஒரு கிழமைக்கு முந்தித்தான் கண்ணாடி கிடைத்தது. போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டு அவர் முதல் முதல் வந்தது எங்கள் வீட்டுக்கு. சைக்கிள் ஓடி வந்தார். படலையில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களோ ரீச்சர்? இவ்வளவு சின்னப் பிள்ளையே! குரலைக் கேட்டு நான் ஒரு அறுபது வயது எண்டெல்லோ நினைச்சன்."

உள்ளே வந்து, மூலையில் நின்று, பேப்பரை விரித்தார். பார்த்தார். கிட்டப் பிடித்தார். எட்டப் பிடித்தார். வெட்டினதும் சரிவரவில்லையோ?

"பிள்ளை!" என்று கத்தினார். "ஒரு எழுத்தும் தெரியேல்லை! தலைப்பும் தெரியேல்லை! இது வீடே? கும்மிருட்டு! பங்கருக்குள்ளை இதைவிட வெளிச்சம்!" சந்தோசம் தாங்காமல் ஹோலைச் சுற்றி நடந்தார். முற்றத்துக்கு ஓடிப்போய் அங்கே நின்று பேப்பரைப் பார்த்தார். அங்கே சத்தம் நின்றுவிட்டது.

"என்ன அண்ணை?"

"'இருபத்திரண்டு வயது' எண்டு கிடக்குது பிள்ளை. நான் இவ்வளவு நாளும் முப்பத்திரண்டு எண்டு வாசிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். ஆரோ பெத்த பிள்ளைக்கு அநியாயமாய்ப் பத்து வயதைக் கூட்டிப்போட்டன்." உண்மையாகவே கவலைப்பட்டார்.

அந்தக் கிழமை ஒழுங்கை முழுக்க விவாகரத்தும் மறுமணமும்தான். போஸ்ற் மாஸ்டரிடமிருந்து மணிபிளான்டைப் பறித்து மருளைக் கொடுத்தார். எங்களுக்கும் மருள்தான், ஆனால் கூடவே ஒரு கட்டளை. "இவ்வளவு இருட்டுக்கு மருளும் தனியத் தாங்காது. மாசத்திலை ஒரு கிழமை தாய்வீட்டுக்கு அனுப்பிப்போடவேணும்." தாய்வீடு என்றால் அவருடைய வளவு மாமர நிழல். மாதம் தவறாமல் எங்கள் மருள் என் சைக்கிள் கூடையில் ஏறி ஊர்வலம் போய் வந்தது. போகும்போது ஒன்றும், வரும்போது ஒன்றுமாக எனக்கு இரண்டு தேத்தண்ணி கிடைத்தது. அந்த மருள் சாகவில்லை. குட்டி போட்டது. பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறந்தால் அந்த இருட்டுக்குள்ளே நிமிர்ந்து நின்று என்னைப் பார்த்தது.

தொண்ணூற்றைந்தில் ஒருநாள், சண்டை கிட்ட வந்து, ஒழுங்கை முழுக்க ஒரே நேரத்தில் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. மழை. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் நான் ஹோல் நடுவில் நின்றேன். படலையில் அந்தச் சைக்கிள் மணி. கரியரில் குறோட்டனக்கா, கைப்பிடியில் மூட்டை. அத்தனை சாடியையும் விட்டுவிட்டு வந்திருந்தார். உள்ளே வந்து எங்கள் மருளில் ஒரு குட்டியை வேரோடு பிடுங்கி, வேட்டித் துண்டில் சுற்றி, என் கைப்பையில் திணித்தார்.

"இதுக்குப் பத்து நாளைக்குத் தண்ணி வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். எங்கை போனாலும் ஒரு மூலை இருக்கும்தானே பிள்ளை."

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். சாவகச்சேரிப் பக்கம் போகிற சனத்துக்குள்ளே அந்தக் கண்ணாடி இரண்டொரு தரம் மினுங்கியது. அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. கேட்காத இடமில்லை.

இப்போது நாங்கள் கொழும்பிலே ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். யன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்தின் சுவர். மூலையிலே அந்த மருள் நிற்கிறது. அதன் குட்டிகளை இந்தக் கட்டிடத்தில் பதினொரு வீட்டுக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் பேப்பர் விரித்து வாசித்துத்தான் கொடுத்தேன். நாலாம் சடங்குக்கும் போனேன்.

போன கிழமை எங்கள் மூலையில் நின்று பேப்பரைப் பிடித்தேன். பொடி எழுத்துத் தெரியவில்லை. செய்தியும் தெரியவில்லை. இவர் சவரக் கண்ணாடியிலிருந்து திரும்பி, "வீட்டிலை பிழை இல்லை. உனக்குக் கண் மங்குது. டொக்டரிட்டைப் போ" என்றார்.

"என்ரை கண்ணுக்கு என்ன குறை? நான் குடுத்த செடி ஒண்டு செத்ததே?" என்று பாய்ந்தேன். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கே விளங்கியது. இவர் கண்ணாடிக்குள்ளே சிரித்தார். நான் போய் மருளின் மண்ணுக்குள்ளே விரலை இரண்டாம் மூட்டு மட்டும் விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

வாற வியாழக்கிழமை டொக்டரிட்டைப் போறன் அண்ணை. கோவிக்காதேங்கோ.